அண்ணலாரின் மூத்த மகளார்

சில மாதங்களுக்கு முன் காயல்பட்டினத்தில் ஒரு நிகாஹ் மஜ்லிஸில் அமர்ந்திருந்தேன். சாகுபுரம் ஆலைக் குடியிருப்பில் இருக்கும் எனக்குக் காயல் கூப்பிடு தூரம்தான். குத்பா ஓதப்பட்டது, வலீ ஒப்புக்கொடுத்தார், மாப்பிள்ளை ஏற்றுக்கொண்டார், சாட்சிகள் இருவரும் தப்தரில் கையொப்பமிட்டார்கள். கால் மணி நேரத்தில் எல்லாம் முடிந்துவிட்டது. சர்பத் பருகிக்கொண்டிருந்தபோது, பக்கத்தில் இருந்த படித்த இளைஞர் ஒருவர், நம் மார்க்கத்தில் திருமணம் என்பது ஓர் ஒப்பந்தம் மட்டுமே என்றும், கடை வாடகைக்குப் பேசுவது போலத்தான் இதுவும் என்றும், ஒத்துவராவிட்டால் முறித்துக்கொண்டு போவதில் பெரிய விஷயம் ஒன்றுமில்லை என்றும் சொன்னார். கெட்ட எண்ணத்தில் அவர் சொல்லவில்லை. எங்கோ படித்ததைச் சொன்னார். ஆனால் பந்தலுக்கு உள்ளே புதுக் கருகமணி அணிந்து உட்கார்ந்திருந்த அந்தப் பெண்ணின் காதில் இது விழுந்திருந்தால் அவள் மனம் என்ன பாடுபட்டிருக்கும் என்று எண்ணினேன்.

அந்த இளைஞர் சொன்னது முழுப் பொய்யும் அல்ல. 1886-ஆம் ஆண்டு அலகாபாத் உயர் நீதிமன்றத்தில் நீதிபதி ஸையித் மஹ்மூது அவர்கள் அளித்த தீர்ப்பு ஒன்றில், முஸ்லிம்களின் திருமணம் சமயச் சடங்கு அல்ல, ஒப்பந்தமே என்று எழுதினார்கள். ஸர் ஸையித் அஹ்மது கானின் மகனார் அவர்கள். அன்றிலிருந்து சட்டப் புத்தகங்களிலெல்லாம் அந்தப் பேச்சு இடம் பிடித்துக்கொண்டது. நமது ஷாபிஈ மத்ஹபின் பிக்ஹு நூல்களிலும் மாப்பிள்ளை, பெண், வலீ, இரு சாட்சிகள், ஈஜாப் கபூல் என்னும் வாசகம் ஆகிய ஐந்தும் நிகாஹின் ருக்னுகள் என்றுதான் இருக்கிறது. ஒப்பந்தத்தின் உருவம் அதற்கு உண்டு. அதனால்தான் பெண்ணுக்கு மஹர் என்னும் உரிமையும், நிபந்தனை பேசும் வாய்ப்பும் கிடைத்தன. அது பெரிய ரஹ்மத்து. அதைக் குறை சொல்ல முடியாது.

ஆனால் அல்லாஹுத் தஆலா தன் திருமறையில் இந்த உறவுக்கு இட்ட பெயர் வேறு. ஸூரத்துன் நிஸாவின் 21-ஆம் வசனத்தில், மனைவிக்குக் கொடுத்த மஹரைத் திரும்பப் பிடுங்கிக்கொள்ள நினைக்கும் கணவனைக் கண்டிக்கும் இடத்தில், நிகாஹை மீஸாக்கன் கலீழா என்று அழைக்கிறான். உறுதி மிக்க வாக்குறுதி என்று பொருள். இதே சொல் குர்ஆனில் வேறு எங்கே வருகிறது தெரியுமா? ஸூரத்துல் அஹ்ஸாபில் நூஹ், இப்ராஹீம், மூஸா, ஈஸா (அலை) உள்ளிட்ட நபிமார்களிடம் அல்லாஹ் வாங்கிய வாக்குறுதிக்கும், நிஸா அத்தியாயத்திலேயே மற்றோர் இடத்தில் பனூ இஸ்ராயீல் மக்களிடம் வாங்கிய வாக்குறுதிக்கும் வருகிறது. குர்ஆன் முழுவதிலும் இந்த மூன்றே இடங்கள்தாம். நபிமார்களின் அமானிதத்துக்குச் சூட்டிய பெயரை அல்லாஹ் நம் வீட்டுக் கூடத்தில் நடக்கும் நிகாஹுக்கும் சூட்டியிருக்கிறான்.

அந்த வாக்குறுதி என்றால் என்ன என்பதை ஏடுகளைவிட ஒரு வாழ்க்கை நன்றாக விளக்கும். அது பெருமானார் (ஸல்) அவர்களின் மூத்த மகளார் ஜைனப் (ரலி) அவர்களின் வாழ்க்கை. பாத்திமா நாயகி (ரலி) அவர்களின் சரிதத்தை நம் பெண்கள் அறிவார்கள். ஆனால் மூத்தவரைப் பற்றி நம் மேடைகளில் பேசுவோர் குறைவு. ஏன் என்று எனக்கு விளங்கவில்லை.

பெருமானாருக்கு வயது 30 ஆனபோது, அதாவது நபித்துவத்துக்குப் பத்து ஆண்டுகளுக்கு முன், மக்காவில் ஜைனப் (ரலி) பிறந்தார்கள். அன்னை கதீஜா (ரலி) அவர்களுக்கு ஹாலா என்று ஓர் உடன்பிறந்தாள் இருந்தார்கள். அவர்களுடைய மகன்தான் அபுல் ஆஸ் இப்னு ரபீஉ. அப்து ஷம்ஸ் கோத்திரத்து வாலிபர், வியாபாரி, நாணயமானவர் என்று மக்காவில் பெயர் எடுத்தவர். அன்னை கதீஜா (ரலி) அவர்கள் அவரைத் தம் சொந்தப் பிள்ளையைப் போல நடத்தி வந்தார்கள். மூத்த மகளை அவருக்கே கொடுக்க வேண்டும் என்று விரும்பி, தம் கணவரிடம் கேட்டார்கள். அண்ணலாரும் மனைவியின் விருப்பத்துக்கு மாறு சொல்லவில்லை. நம் பக்கத்தில் சாச்சி மகன் என்றால் அண்ணன் முறை என்று ஒதுக்கிவிடுவார்கள். அது ஊர் வழக்கம். மார்க்கத்தில் தடை இல்லை. அரபு நாட்டில் அது சாதாரணமாக நடந்தது.

நிகாஹ் நடந்தது. அன்று அன்னை கதீஜா (ரலி) அவர்கள் தம் கழுத்தில் கிடந்த மாலையைக் கழற்றி மகளின் கழுத்தில் அணிவித்தார்கள். இந்த மாலையை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். இந்தச் சரிதத்தில் அது மறுபடியும் வரும்.

சில காலத்துக்குப் பின் ஹிரா குகையில் வஹீ இறங்கியது. அன்னை கதீஜா (ரலி) அவர்கள் முதலில் ஈமான் கொண்டார்கள். பெண்மக்களும் உம்மாவைப் பின்தொடர்ந்தார்கள். அபுல் ஆஸ் ஈமான் கொள்ளவில்லை. மாமனாரை அவர் பொய்யர் என்று சொன்னதில்லை. ஆனால் தம் மூதாதையர் வழியை விட்டுவிட்டு மனைவிக்காக மாறினான் என்று குறைஷிகள் சொல்வதை அவர் விரும்பவில்லை. ஒரே வீட்டில் ஒருவர் தொழ, மற்றவர் தொழாமல் இருக்க, இல்லறம் நடந்தது. முஸ்லிமான பெண் முஷ்ரிக்கான கணவனுடன் வாழக் கூடாது என்ற சட்டம் அப்போது இறங்கியிருக்கவில்லை. அது பின்னர் ஸூரத்துல் மும்தஹினாவில் வந்தது. ஆகவே இந்த இடத்தை வைத்து இன்று யாரும் தவறான முடிவுக்குப் போய்விடக் கூடாது.

குறைஷித் தலைவர்கள் ஒரு சூழ்ச்சி செய்தார்கள். முஹம்மதின் பெண்மக்களை அவரிடமே திருப்பி அனுப்பிவிட்டால் அந்தக் கவலையிலேயே அவர் முடங்கிப்போவார் என்பது அவர்கள் கணக்கு. ருகையா (ரலி), உம்மு குல்ஸூம் (ரலி) ஆகிய இருவரும் அபூ லஹபின் பிள்ளைகளான உத்பா, உதைபா என்பவர்களுக்குப் பேசப்பட்டிருந்தார்கள். அந்த இருவரும் தகப்பன் சொல் கேட்டுப் பெண்களை விட்டுவிட்டார்கள். பிறகு அபுல் ஆஸிடம் வந்தார்கள். மனைவியைத் தலாக் விடுமாறும், விட்டால் குறைஷிகளில் அவர் கைகாட்டும் எந்தப் பெண்ணையும் மணமுடித்துத் தருவதாகவும் சொன்னார்கள். அபுல் ஆஸ் முடியாது என்று மறுத்துவிட்டார். தம் மனைவிக்குப் பதிலாகக் குறைஷிகளின் வேறொரு பெண் தமக்கு வேண்டாம் என்பதே அவர் கொடுத்த பதில்.

சகோதரர்களே! இந்த இடத்தில் கொஞ்சம் நின்று பாருங்கள். ஈமான் கொள்ளாத ஒரு மனிதர் இப்படிச் சொன்னார். நம் ஊர்களில் நகையில் இரண்டு பவுன் குறைந்துவிட்டது என்றோ, பெண் வீட்டார் மரியாதை செய்யவில்லை என்றோ, உம்மாவும் லாத்தாவும் சொல்லிவிட்டார்கள் என்றோ, ஈமான் கொண்ட பிள்ளைகள் தலாக் என்ற சொல்லை வாயில் எடுக்கிறார்கள். ஒரு வீட்டில் இதை நானே கண்டேன். ஊர் எது, வீடு எது என்று எழுத மாட்டேன். கைக்கூலிப் பேச்சில் தொடங்கிய மனத்தாங்கலில், மாப்பிள்ளை வெளிநாட்டிலிருந்தபடியே ஒரு காகிதம் எழுதி அனுப்பிவிட்டார். அந்தப் பெண் மடியில் பாலகனை வைத்துக்கொண்டு அந்தக் காகிதத்தைத் தலைகீழாகப் பிடித்துப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவளுக்கு வாசிக்கத் தெரியும். கை நடுக்கத்தில் எப்படிப் பிடித்தோம் என்றே தெரியவில்லை.

கி.பி. 622-இல் ஹிஜ்ரத் நடந்தது. வாப்பாவும் தங்கைகளும் மதீனா சென்றுவிட்டார்கள். அன்னை கதீஜா (ரலி) அவர்கள் அதற்கு முன்பே மறைந்துவிட்டார்கள். ஜைனப் (ரலி) மட்டும் மக்காவில் கணவரின் வீட்டில் தங்கினார்கள். ஹிஜ்ரி 2-ஆம் ஆண்டு ரமலானில் பத்ருப் போர் மூண்டது. குறைஷிகளின் படையில் அபுல் ஆஸும் புறப்பட்டார். ஒரு பக்கம் பெற்ற தகப்பனார், மறு பக்கம் கட்டிய கணவர். அந்த நாட்களில் அவர்கள் எந்தச் செய்திக்காக துஆ செய்திருப்பார்கள் என்பதை அல்லாஹ்தான் அறிவான்.

குறைஷிகள் தோற்றார்கள். எழுபது பேர் கைதானார்கள். அவர்களில் அபுல் ஆஸும் ஒருவர். மக்காவிலிருந்து ஒவ்வொரு குடும்பமும் தத்தம் கைதியை மீட்கப் பணம் அனுப்பியது. ஜைனப் (ரலி) அவர்கள் தம்மிடம் இருந்ததைத் திரட்டி, கணவரின் சகோதரரிடம் கொடுத்து அனுப்பினார்கள். அந்தப் பொருள்களோடு மாலையும் இருந்தது.

பெருமானார் (ஸல்) அவர்கள் அந்த மாலையைக் கண்டதும் அடையாளம் தெரிந்துகொண்டார்கள். உள்ளம் உருகிவிட்டது. இருபத்தைந்து ஆண்டுகள் தம்மோடு வாழ்ந்து மறைந்த மனைவியின் கழுத்தில் கிடந்த மாலை அல்லவா அது! அவர்கள் தலைவர், நினைத்தால் கட்டளையிட்டிருக்கலாம். அப்படிச் செய்யவில்லை. கைதி முஸ்லிம்களின் உரிமை என்பதால் தோழர்களிடம் அனுமதி கேட்டார்கள். அவர்களுக்குச் சம்மதமானால் ஜைனபின் கைதியை விடுவித்து, அவருடைய பொருளையும் அவரிடமே திருப்பிக் கொடுக்கலாம் என்றார்கள். தோழர்கள் மகிழ்ச்சியோடு ஒப்பினார்கள். மாலை மகளிடமே திரும்பிச் சென்றது. நபிமகளார் தம் உம்மாவின் நினைவாக இருந்த ஒரே நகையைக் கணவரின் விடுதலைக்காகத் தந்ததையும், நபிகளார் அதை வாங்கிக்கொள்ள மனம் வராமல் திருப்பி அனுப்பியதையும் வாசிக்கும்போது, மனைவியின் நகையை அடகு வைத்துவிட்டு அதைப் பற்றிக் கேட்டால் கோபப்படும் நம்மவர்கள் கண்முன் வந்து போகிறார்கள்.

விடுதலையின்போது அபுல் ஆஸிடம் அண்ணலார் ஒரு வாக்கு வாங்கினார்கள். மக்கா திரும்பியதும் ஜைனபை மதீனாவுக்கு அனுப்பிவைக்க வேண்டும் என்பது அந்த வாக்கு. அபுல் ஆஸ் ஒப்புக்கொண்டார். தம் உயிருக்குச் சமமாக நேசித்த மனைவியைத் தம் கையாலேயே பிரித்து அனுப்பும் வாக்கு அது. மக்காவுக்குப் போனபின் மறந்துவிட்டாலும் கேட்பார் யார்? கையெழுத்தில்லை, சாட்சி முத்திரை இல்லை. ஆயினும் ஊர் வந்து சேர்ந்ததும் மனைவியைப் பயணத்துக்குத் தயாராகச் சொன்னார். பிற்காலத்தில் பெருமானார் (ஸல்) அவர்கள் மிம்பரில் நின்று தம் மருமகன்களில் இவரை நினைவுகூர்ந்து, தம்மிடம் பேசியதில் உண்மையாக நடந்தார், கொடுத்த வாக்கை நிறைவேற்றினார் என்ற கருத்தில் புகழ்ந்ததாகப் புகாரியில் வருகிறது.

அழைத்துவர ஜைது இப்னு ஹாரிஸா (ரலி) அவர்களும் அன்ஸாரித் தோழர் ஒருவரும் மக்காவுக்கு வெளியே பத்னு யஃஜஜ் என்ற இடத்தில் காத்திருந்தார்கள். கணவரின் சகோதரர் கினானா ஒட்டகத்தில் சிவிகை கட்டி, ஜைனப் (ரலி) அவர்களை அதில் ஏற்றி, வில்லும் அம்பும் தாங்கிப் பட்டப் பகலிலேயே புறப்பட்டார். பத்ரில் தம் தந்தையரையும் மக்களையும் இழந்து குமுறிக்கொண்டிருந்த குறைஷிகளுக்கு இது பொறுக்கவில்லை. துரத்திக்கொண்டு வந்து தூதுவா என்னும் இடத்தில் மறித்தார்கள். ஹப்பார் இப்னு அஸ்வத் என்பவன் ஈட்டியைக் காட்டி மிரட்டினான். நபிமகளார் அப்போது கர்ப்பவதி. அந்த அதிர்ச்சியில் கரு கலைந்துவிட்டது.

கினானா ஒட்டகத்தைப் படுக்கவைத்து, தம் அம்புகளை முன்னால் பரப்பிவைத்து, நெருங்கியவன் எவனானாலும் அம்பு பாயும் என்று சத்தியம் செய்தார். கூட்டம் பின்வாங்கியது. அபூ ஸுப்யான் வந்து சமாதானம் பேசினார். பெண்ணைத் தடுத்துவைப்பதில் தங்களுக்கு லாபம் இல்லை என்றும், ஆனால் எல்லோர் கண்முன்னும் கொண்டுபோவது பத்ரின் புண்ணில் உப்பிடுவதாகும் என்றும், இப்போது திரும்பிவிட்டு ஆரவாரம் அடங்கியபின் இரவில் அழைத்துச் செல்லலாம் என்றும் சொன்னார். கினானா அதை ஏற்றார். சில இரவுகள் சென்றபின் இருளில் அழைத்துவந்து ஜைது (ரலி) அவர்களிடம் ஒப்படைத்தார். கணவர் தம்மால் முடியாத பயணத்தைத் தம் உடன்பிறந்தார் மூலம் முடித்துவைத்தார்.

இந்த ஹப்பார் பின்னர், மக்கா வெற்றிக்குப் பிறகு, வந்து இஸ்லாத்தைத் தழுவினார். பெற்ற மகளுக்கும் பேரப்பிள்ளைக்கும் இந்தக் கதி செய்தவரை நபிகளார் மன்னித்தார்கள். இதைத் தனிக் கட்டுரையாகத்தான் எழுத வேண்டும்.

மதீனாவில் நாலாண்டுக்கும் மேலான காத்திருப்பு தொடங்கியது. நம் கரையோரத்துப் பெண்களுக்கு இதை அதிகம் விளக்க வேண்டியதில்லை. காயலிலும் கீழக்கரையிலும் கணவர் கொழும்புக்குச் சபராகப் போனால் இரண்டு வருடம், மூன்று வருடம் கழித்து வருவார். பிறகு பர்மா, மலாயா. அதன்பின் வளைகுடா நாடுகள். பெண்ணின் வீடே மாப்பிள்ளைக்கு வீடு என்ற வழக்கம் உள்ள காயலில், வீட்டைக் கட்டிக் காத்துப் பிள்ளைகளை ஓதவைத்தவர்கள் அந்தப் பெண்கள்தாம். ஆனால் அவர்களுக்குக் கடிதம் வந்தது. திரும்பி வருவார் என்ற நிச்சயம் இருந்தது. ஜைனப் (ரலி) அவர்களுக்கு அந்த நிச்சயம் கிடையாது. கணவர் எதிரி ஊரில்; எதிரிகளின் மார்க்கத்தில். அவர்களோ வேறு நிகாஹ் செய்துகொள்ளவில்லை. அலீ என்ற மகனையும் உமாமா என்ற மகளையும் வளர்த்து வந்தார்கள்.

ஹிஜ்ரி 6-ஆம் ஆண்டில் ஒரு நாள். குறைஷிகளின் வணிகக் கூட்டம் ஒன்று ஷாம் நாட்டிலிருந்து திரும்பிக்கொண்டிருந்தது. ஜைது (ரலி) அவர்களின் தலைமையில் சென்ற 170 வீரர்கள் ஈஸ் என்ற இடத்தில் அதை மடக்கிச் சரக்கு முழுவதையும் கைப்பற்றினார்கள். அந்தச் சரக்குக்குப் பொறுப்பாளர் அபுல் ஆஸ். அதில் அவருடைய சொந்த முதல் கொஞ்சம். மக்காவாசிகள் பலர் நம்பிக் கொடுத்த முதல் அதிகம். அவர் தப்பித்து, இருட்டில் மதீனாவுக்குள் நுழைந்து, ஜைனப் (ரலி) அவர்களின் வாசலுக்கு வந்து அடைக்கலம் கேட்டார். அவர்கள் கொடுத்தார்கள்.

மறுநாள் சுபுஹுத் தொழுகை. பெருமானார் (ஸல்) அவர்கள் தக்பீர் கட்டினார்கள்; பின்னால் மக்களும் கட்டினார்கள். அப்போது பெண்கள் பகுதியிலிருந்து ஜைனப் (ரலி) அவர்கள் உரத்த குரலில், அபுல் ஆஸுக்குத் தாம் அடைக்கலம் கொடுத்திருப்பதாக அறிவித்தார்கள். ஸலாம் கொடுத்தபின் அண்ணலார் மக்கள் பக்கம் திரும்பி, தாம் கேட்டதை அவர்களும் கேட்டார்களா என்று வினவினார்கள். இதைப் பற்றி இந்தக் கணம் வரை தமக்கு எதுவும் தெரியாது என்று அல்லாஹ்வின் மீது ஆணையிட்டுச் சொன்னார்கள். முஸ்லிம்களில் மிகச் சாதாரணமானவர் கொடுத்த அடைக்கலமும் எல்லோரையும் கட்டுப்படுத்தும் என்றும் தெளிவாக்கினார்கள். ஒரு பெண் தன் வீட்டு வாசலில் கொடுத்த வாக்கு அன்று ஓர் அரசாங்கத்தின் வாக்காக மதிக்கப்பட்டது.

பின்னர் மகளின் வீட்டுக்குச் சென்றார்கள். வந்தவரைக் கண்ணியமாக உபசரிக்கும்படி சொன்னார்கள். அதோடு, அவர் ஈமான் கொள்ளாத நிலையில் ஜைனப் அவருக்கு ஹலாலானவர் அல்ல என்பதால் தனித்து நெருங்க விடக் கூடாது என்றும் எச்சரித்தார்கள். பாருங்கள், மகள் நேசிப்பதும் தெரியும். மருமகனின் நற்குணமும் தெரியும். ஆனாலும் ஹலால் ஹராம் என்னும் வரம்பில் மகளுக்கென்று சலுகை இல்லை. நபிமகளாரும் ஒரு வார்த்தை எதிர்த்துப் பேசவில்லை.

சரக்கைக் கைப்பற்றிய தோழர்களிடம், திருப்பிக் கொடுத்தால் தமக்கு மகிழ்ச்சி என்றும், கொடுக்காவிட்டால் அது அல்லாஹ் அவர்களுக்கு அளித்த உரிமை என்றும் அண்ணலார் சொன்னார்கள். அவர்கள் எல்லாவற்றையும் கொண்டுவந்து கொடுத்தார்கள். வாளி, பழைய தோல்பை, கயிற்றுத் துண்டு வரை ஒன்றும் பாக்கியில்லை. அப்போது ஒருவர், இஸ்லாத்தைத் தழுவி இந்தப் பொருளை நீரே வைத்துக்கொள்ளலாமே என்று யோசனை சொன்னார். மக்கத்து முஷ்ரிக்குகளின் சொத்துத்தானே! தம் இஸ்லாத்தை அமானித மோசடியோடு தொடங்குவது எவ்வளவு கெட்டது என்று அபுல் ஆஸ் மறுத்துவிட்டார்.

மக்காவுக்குப் போனார். ஒவ்வொருவரையும் தேடி அவரவர் பங்கை எண்ணிக் கொடுத்தார். இனி யாருக்காவது தம்மிடம் ஏதேனும் பாக்கி உண்டா என்று கூட்டத்தில் கேட்டார். இல்லை என்று எல்லோரும் சொல்லி, அவருடைய நாணயத்தைப் புகழ்ந்தார்கள். அந்த இடத்திலேயே கலிமாவை மொழிந்தார். மதீனாவிலேயே தாம் முஸ்லிமாகியிருப்பதாகவும், தங்கள் பொருளைத் தின்பதற்காக அப்படிச் செய்தான் என்று மக்காவாசிகள் நினைத்துவிடுவார்கள் என்று அஞ்சியே அங்கே அதைச் செய்யவில்லை என்றும் சொன்னார்.

ஹிஜ்ரி 7-ஆம் ஆண்டு முஹர்ரம் மாதத்தில் அபுல் ஆஸ் (ரலி) அவர்கள் முஹாஜிராக மதீனா வந்து சேர்ந்தார்கள். பெருமானார் (ஸல்) அவர்கள் மகளாரை அவர்களிடமே ஒப்படைத்தார்கள்.

எப்படி ஒப்படைத்தார்கள் என்பதில் இரண்டு அறிவிப்புகள் இருக்கின்றன. இப்னு அப்பாஸ் (ரலி) அவர்களின் அறிவிப்பில், முதல் நிகாஹின் பேரிலேயே, புதிதாக எதுவும் செய்யாமல் ஒப்படைத்தார்கள் என்று வருகிறது. அம்ரு இப்னு ஷுஐப் வழியாக வரும் அறிவிப்பிலோ புது நிகாஹும் புது மஹரும் நடந்ததாக இருக்கிறது. இமாம் திர்மிதி அவர்கள் இரண்டையும் பதிவு செய்திருக்கிறார்கள். முதல் அறிவிப்பின் தொடர் நன்றாக இருப்பதாகவும், ஆனால் சட்டத்தில் அறிஞர்களின் நடைமுறை இரண்டாவதைத் தழுவி இருப்பதாகவும் குறிப்பிடுகிறார்கள். மனைவி முஸ்லிமாகி, அவளுடைய இத்தா முடிவதற்குள் கணவனும் முஸ்லிமானால் பழைய நிகாஹே நிலைக்கும், முடிந்துவிட்டால் புது நிகாஹ் வேண்டும் என்பது நம் இமாம் ஷாபிஈ (ரஹ்) அவர்களின் மத்ஹப். தடைச் சட்டம் ஹுதைபிய்யாவை ஒட்டித்தான் இறங்கியது; அதன் பிறகு இத்தா முடிவதற்குள் அபுல் ஆஸ் (ரலி) முஸ்லிமானார்கள்; ஆகவே முதல் நிகாஹே போதுமாயிற்று என்று விளக்கம் சொன்ன அறிஞர்களும் உண்டு. மஸ்அலா இது. ஊரில் இப்படி ஒரு விவகாரம் வந்தால் ஆலிம்களிடம் கேட்டுத்தான் நடக்க வேண்டும். கட்டுரையைப் பார்த்து அல்ல.

ஆனால் எந்த அறிவிப்பை எடுத்தாலும் ஒன்று மாறவில்லை. அன்னை கதீஜா (ரலி) அவர்கள் மாலை அணிவித்து இணைத்துவைத்த அதே இருவர் ஒன்று சேர்ந்தார்கள். ஈமானும் குப்ரும், போரும், கைதும், நூற்றுக்கணக்கான மைல் பாலைவனமும் நடுவே நின்றபின் இது நடந்தது. நிகாஹ் மஜ்லிஸில் என் பக்கத்தில் இருந்த அந்த இளைஞரிடம் அன்று இதைச் சொல்ல எனக்கு நேரம் வாய்க்கவில்லை. வெறும் ஒப்பந்தம் என்றால் பத்ரோடு அது முடிந்திருக்கும். மக்காவின் பேரம் நல்ல பேரம். குறைஷிகளில் எந்தப் பெண்ணையும் தருவதாகச் சொன்னார்கள் அல்லவா?

ஒன்று சேர்ந்த வாழ்வு அதிக நாள் நீடிக்கவில்லை. ஓர் ஆண்டு சற்று ஏறக்குறைய. ஹிஜ்ரி 8-ஆம் ஆண்டின் தொடக்கத்தில் ஜைனப் (ரலி) அவர்கள் மறைந்தார்கள். இன்னா லில்லாஹி வஇன்னா இலைஹி ராஜிஊன். மக்காவை விட்டு வந்த அன்று ஏற்பட்ட அந்த நோவு அவர்களை விட்டுப் போகவேயில்லை என்று வரலாற்றாசிரியர்கள் சிலர் எழுதியிருக்கிறார்கள். வயது முப்பதுக்குக் கொஞ்சம் குறைவு.

பிரிவுத் துயரில் இருந்த பெருமானார் (ஸல்) அவர்கள் மகளாரின் குளிப்பாட்டுதலைத் தாமே சொல்லிக் கொடுத்தார்கள். குளிப்பாட்டியவர்களில் ஒருவரான உம்மு அதிய்யா (ரலி) அவர்கள் அறிவித்திருக்கிறார்கள். வலப்புறத்திலிருந்தும் உளூச் செய்யும் உறுப்புகளிலிருந்தும் தொடங்க வேண்டும். இலந்தை இலை கலந்த நீரால் மூன்று, ஐந்து என்று ஒற்றைப்படையாகக் குளிப்பாட்ட வேண்டும். கடைசி நீரில் கற்பூரம் சேர்க்க வேண்டும். முடிந்ததும் தமக்குச் சொல்லி அனுப்பச் சொன்னார்கள். சொல்லி அனுப்பியபோது தம் இடுப்பில் கட்டியிருந்த வேட்டியைக் கழற்றிக் கொடுத்து, மேனியில் படும்படி உள்ளாடையாக அதைப் போர்த்தச் சொன்னார்கள். கப்ரிலும் தாமே இறங்கினார்கள்.

மகன் அலீ பருவம் எய்தும் முன்பே மறைந்துவிட்டார். மகள் உமாமா பாட்டனாரின் செல்லப் பேத்தி. பெருமானார் (ஸல்) அவர்கள் தொழ நிற்கும்போது இந்தக் குழந்தையைத் தோளில் வைத்திருப்பார்கள்; ருகூவு ஸுஜூதுக்குப் போகும்போது இறக்கிவிட்டு, எழும்போது மீண்டும் தூக்கிக்கொள்வார்கள் என்று அபூ கதாதா (ரலி) அவர்களின் ஹதீஸில் இருக்கிறது. பள்ளியில் பிள்ளை அழுதால் முறைத்துப் பார்க்கும் பெரியவர்கள் இதையும் கேட்டுக்கொள்ளட்டும்.

அபுல் ஆஸ் (ரலி) அவர்கள் ஹிஜ்ரி 12-ஆம் ஆண்டு துல்ஹஜ் மாதத்தில், அபூபக்கர் (ரலி) அவர்களின் ஆட்சியில் மறைந்தார்கள். மகள் உமாமாவின் பொறுப்பை ஸுபைர் இப்னு அவ்வாம் (ரலி) அவர்களிடம் ஒப்படைத்திருந்தார்கள். பாத்திமா நாயகி (ரலி) அவர்கள் ஹிஜ்ரி 11-இல் மறைந்தபின், ஹஜரத் அலீ (ரலி) அவர்கள் உமாமாவை மணந்துகொண்டார்கள். தம் பிள்ளைகளுக்குத் தம் லாத்தாவின் மகளே தாயாக வர வேண்டும் என்று பாத்திமா நாயகி விரும்பினார்கள் என்று சொல்லப்படுகிறது.

ஜைனப் (ரலி) அவர்களின் கூந்தலை மூன்று பின்னலாகப் பின்னிப் பின்புறம் விட்டதாகவும் உம்மு அதிய்யா (ரலி) சொல்கிறார்கள். காயலிலும் நம் கரையோர ஊர்களிலும் பெண் மய்யித்தைக் குளிப்பாட்டும் மூதாட்டிகள் நீரில் இலந்தை இலையைப் போட்டு, ஒற்றைப்படை எண்ணிக்கையில் நீர் ஊற்றி, முடியை மூன்றாகப் பின்னுகிறார்களே, அந்தப் பின்னல் அன்று மதீனாவில் அந்த மகளாருக்காகச் சொல்லிக் கொடுக்கப்பட்டது.